செயற்கை இடுப்பு மூட்டும் சீழ்த்தொற்றும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் வாழும் முதியவர்கள், இடுப்பிலோ முழங்காலிலோ வலி கண்டால் அதைக் குளிரின் குற்றம் என்று சொல்வது வழக்கம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மழையும் பனிமூட்டமும் அடிக்கடி சூழும் சரிவுகளில் வாழ்வோர் அவ்வாறு எண்ணுவதில் வியப்பில்லை. தைலம் தேய்த்து, வெந்நீர் ஒத்தடம் கொடுத்து, கம்பளியைப் போர்த்திக்கொண்டால் பெரும்பாலான வலிகள் இரண்டொரு நாளில் தணிந்தும் விடுகின்றன. ஆனால் இடுப்பில் செயற்கை மூட்டுப் பொருத்தப்பட்ட ஒருவருக்கு வரும் வலியை நாம் இந்தக் கணக்கில் சேர்த்துவிடக் கூடாது. அந்த மூட்டைச் சுற்றிக் கிருமித் தொற்று ஏற்பட்டிருப்பதன் முதல் அறிகுறியாகவும் அது இருக்கலாம். அவ்வாறாயின், மருத்துவமனைக்குச் செல்லும் நாள் தள்ளிப்போகப் போக, பொருத்திய மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பும் குறைந்துகொண்டே போகும். இத்தொற்று ஏன் ஏற்படுகிறது, அதனை எவ்வாறு அடையாளம் காண்பது, எவ்வாறு தவிர்ப்பது என்பனவற்றை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம்.

மாற்று மூட்டு என்பது யாது?

நம் தொடை எலும்பின் மேல்முனை பந்து போன்ற வடிவுடையது. அப்பந்து, இடுப்பெலும்பில் உள்ள கிண்ணம் போன்ற குழியில் பொருந்திச் சுழல்வதனால்தான் நாம் நடக்கவும், குந்தவும், படியேறவும் முடிகிறது. முதுமையில் இம்மூட்டின் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்துவிடுவது உண்டு. சிலருக்குப் பந்துப் பகுதிக்கு இரத்த ஓட்டம் குன்றி, எலும்பு நைந்துபோகும். வயதானவர்கள் ஈரமான படியிலோ பாதையிலோ வழுக்கி விழுந்தால், பந்திற்குச் சற்றுக் கீழே, எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்துவிடுவதும் அடிக்கடி நேர்கிறது. இத்தகையோருக்கு மருத்துவர்கள் கெட்டுப்போன பகுதியை அகற்றிவிட்டு, உலோகத்தாலோ பீங்கானாலோ ஆன பந்தையும், உறுதியான பிளாஸ்டிக் உட்புறம் கொண்ட கிண்ணத்தையும் பொருத்துகின்றனர். உலகெங்கும் ஆண்டுதோறும் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் இச்சிகிச்சையைப் பெறுகின்றனர். படுக்கையில் கிடந்தவர் எழுந்து நடக்கவும், வலியின்றி உறங்கவும் வழி செய்த இச்சிகிச்சை, சென்ற நூற்றாண்டின் சிறந்த மருத்துவச் சாதனைகளுள் ஒன்றாகும்.

இங்கிலாந்து டாக்டர் ஒருவரின் போராட்டம்

இன்று நாம் காணும் மாற்று மூட்டுக்கு வழி வகுத்தவர் சர் ஜான் சார்ன்லி என்னும் எலும்பு மருத்துவர் ஆவார். இங்கிலாந்தின் லங்காஷயர் மாவட்டத்தில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில், 1962-ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், சிறிய உலோகப் பந்தும் பாலித்தீன் கிண்ணமும் கொண்ட தம்முடைய மூட்டை அவர் பொருத்தத் தொடங்கினார். மூட்டு நன்றாகவே வேலை செய்தது. ஆயினும் அவருக்கு வேறொரு கவலை இருந்தது. தொடக்க ஆண்டுகளில் அவர் அறுவை செய்த நூறு பேரில் ஏறத்தாழ ஏழு பேருக்கு மூட்டைச் சுற்றிச் சீழ் பிடித்தது.

இக்கிருமிகள் எங்கிருந்து வந்தன என்று சார்ன்லி ஆராய்ந்தார். அறுவைக் கூடத்தில் நிற்போரின் தோலிலிருந்து கண்ணுக்குத் தெரியாத செதில்கள் ஓயாமல் உதிர்கின்றன. அவற்றுடன் கிருமிகளும் காற்றில் மிதந்து, திறந்த காயத்தில் படிகின்றன என்பது அவர் கருத்து. எனவே அவர் அறுவைக் கூடத்தினுள் ஒரு தனி அறையை அமைத்து, வடிகட்டிய தூய காற்றை அதனுள் செலுத்தச் செய்தார். மருத்துவர்கள் விடும் மூச்சையும் உடற்காற்றையும் குழாய் வழியே வெளியேற்றும் உடைகளை வடிவமைத்தார். இரட்டைக் கையுறைகளையும் நெருக்கமாக நெய்த அங்கிகளையும் பயன்படுத்தினார். காயத்தைத் தைக்கும் முறையையும் திருத்தினார். இவற்றின் பயனாக, நூற்றுக்கு ஏழாக இருந்த தொற்று, இருநூறு பேருக்கு ஒருவர் என்னும் அளவிற்கு இறங்கியதாக 1972-ஆம் ஆண்டில் அவர் அறிவித்தார்.

பின்னர் எண்ணாயிரத்திற்கும் மேற்பட்ட மூட்டு அறுவைகளை ஒப்பிட்டு ஆராய்ந்து, 1982-ஆம் ஆண்டில் வெளியிட்ட முடிவுகளும் இதனை உறுதி செய்தன. வழக்கமான கூடங்களில் தொற்று நூற்றுக்கு 1.5 ஆகவும், மிகத் தூய காற்றுள்ள கூடங்களில் 0.6 ஆகவும் இருந்தது. அறுவைக்குச் சற்று முன்னர் கிருமியெதிர்ப்பு மருந்தை ஊசி வழியே செலுத்தும் முறையும் பெரும் நன்மை பயக்கக் கண்டனர். இன்று முதன்முறையாக இடுப்பு மூட்டு மாற்றிக்கொள்வோரில் தொற்றுக்கு ஆளாவோர் நூற்றுக்கு ஒருவர் அல்லது இருவரே. ஆகவே, சீழ் பிடிக்கும் என்னும் அச்சத்தால், தேவைப்படும் அறுவையை மறுத்து வீட்டில் முடங்கிக் கிடப்பது அறிவுடைமை ஆகாது. அதே வேளையில், அந்த ஒருவராக நம் வீட்டுப் பெரியவர் இருந்துவிட்டால் என்ன செய்வது என்பதையும் நாம் அறிந்திருக்க வேண்டும்.

கிருமிக்கு அரணாகும் உலோகம்

காலில் முள் குத்திய புண்ணை நம் உடல் தானே ஆற்றிக்கொள்கிறது. இரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அங்கே விரைந்து சென்று கிருமிகளை அழிக்கின்றன. ஆனால் உலோகத்திலும் பிளாஸ்டிக்கிலும் இரத்த ஓட்டம் இல்லை. அங்கே ஒட்டிக்கொண்ட கிருமியை வெள்ளணுக்களால் எளிதில் நெருங்க இயலாது.

இதனை விளக்கும் ஒரு சோதனையை எலெக், கோனென் என்னும் இரு ஆய்வாளர்கள் இங்கிலாந்தில் நடத்தி, 1957-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மனிதத் தோலில் சீழ் உண்டாக்க, ஸ்டெபிலோகோக்கஸ் என்னும் கிருமிகள் பல இலட்சக் கணக்கில் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு பட்டு நூல் தையல் இருந்தாலோ, சில நூறு கிருமிகளே போதுமானவையாக இருந்தன. ஒரு சிறு நூல் இழையே கிருமிக்கு இத்துணை உதவுமாயின், கையளவு உலோகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

1987-ஆம் ஆண்டில் அந்தோணி கிரிஸ்டினா என்னும் அமெரிக்க மருத்துவர் இதனை ஓர் ஓட்டப்பந்தயமாக விளக்கினார். பொருத்திய மூட்டின் மேற்பரப்பை முதலில் பற்றிக்கொள்வது உடலின் சொந்த உயிரணுக்களா, கிருமிகளா என்பதே போட்டி. தோட்ட மக்களுக்கு இது புதிய செய்தியன்று. புதிதாகத் திருத்திய சரிவில் தேயிலைக் கன்றுகள் வேரூன்றித் தழைத்துவிட்டால் அவற்றின் நிழலில் களைக்கு இடமில்லை. களை முந்திக்கொண்டாலோ கன்று தலையெடுக்க முடிவதில்லை.

முந்திக்கொண்ட கிருமிகள் வெறுமனே ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. ஓடைக் கற்களின்மீது வழுக்கும் பாசி படிவதைப் போல, அவை பசை போன்ற ஒரு படலத்தைச் சுரந்து அதனுள் மறைந்துகொள்கின்றன. இப்படலம் சில நாட்களில் உருவாகத் தொடங்கி, வாரங்கள் செல்லச் செல்ல முதிர்ந்து கெட்டியாகிறது. அதற்குள் இருக்கும் கிருமிகளைக் கொல்ல, சாதாரணமாகத் தேவைப்படுவதைப் போல் நூறு மடங்கோ ஆயிரம் மடங்கோ மருந்து வேண்டியிருக்கும். அத்துணை மருந்தை உடல் தாங்காது. மாத்திரைகளால் மட்டும் இத்தொற்று பெரும்பாலும் குணமாகாமைக்கும், காலம் தாழ்த்துவது கேடாக முடிவதற்கும் இதுவே காரணம்.

தொற்று வரும் மூன்று வழிகள்

முதலாவது, அறுவையின்போதோ, காயம் ஆறுவதற்கு முன்போ கிருமி உட்புகுவது. இது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் வெளிப்படும். காயத்தைச் சுற்றிச் சிவந்து, வெப்பமாகி, வீங்குதல்; காயத்திலிருந்து நீரோ சீழோ கசிவது நிற்காமலிருத்தல்; காய்ச்சல், நடுக்கம்; குறைந்துகொண்டு வந்த வலி மீண்டும் கூடுதல் ஆகியவை இதன் அறிகுறிகள்.

இரண்டாவது, நம் தோலில் இயல்பாக வாழும் வலுக்குறைந்த கிருமிகள் அறுவையின்போதே உட்புகுந்து, மெல்ல வளர்வது. காய்ச்சல் இராது, காயமும் ஆறியிருக்கும். ஆயினும் பல மாதங்கள் கழித்தும் இடுப்பிலோ தொடையிடுக்கிலோ ஓயாத வலி இருக்கும். உட்கார்ந்திருக்கும்போதும் இரவில் படுத்திருக்கும்போதும் அவ்வலி விடுவதில்லை. மலைக் குளிரின் மீது பழி போடப்படும் வலி பெரும்பாலும் இதுவேயாகும். ஒரு குறிப்பை நாம் நினைவில் வைக்கலாம்: அறுவைக்குப் பின் வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். குறையாத வலிக்கும், நின்றுபோய் மீண்டும் தொடங்கும் வலிக்கும் காரணம் கண்டறியப்பட வேண்டும்.

மூன்றாவது, உடலின் வேறோர் இடத்தில் உள்ள கிருமி இரத்தத்தின் வழியே மூட்டை அடைவது. அறுவை முடிந்து பத்து ஆண்டுகள் ஆன பின்னரும் இது நேரலாம். கவாத்து வெட்டிய குச்சி கிழித்த கீறல், காலணி உரசிய கொப்புளம், பூச்சிக்கடியைச் சொறிந்த புண், இனிப்புநீர் நோயாளியின் உள்ளங்காலில் வலியின்றி வளரும் புண், ஈறில் கட்டிய சீழ், சிறுநீர்த் தாரைத் தொற்று ஆகிய யாவும் இதற்கு இடமளிக்கக்கூடும். நேற்றுவரை நன்றாக நடந்தவருக்குத் திடீரெனக் காய்ச்சலும் மூட்டில் கடும் வலியும் கண்டால், அதனை அவசர நிலையாகவே கருத வேண்டும்.

செய்யத்தகாத செயல்கள்

இத்தகைய நிலையில் அன்பின் மிகுதியால் செய்யப்படும் சில காரியங்கள் தீங்காக முடிகின்றன. அவற்றுள் ஒன்று, வீங்கிய இடத்தைத் தைலமிட்டு அழுத்திப் பிடித்துவிடுவது. உள்ளே சீழ் கட்டியிருக்குமானால், அழுத்துவதனால் அது சுற்றுத் தசைகளுக்குள் பரவ இடமுண்டு. ஆறாத காயத்தின்மீது மஞ்சளோ, சாம்பலோ, பச்சிலையோ வைத்துக் கட்டுவதும் புதிய கிருமிகளை உள்ளே அனுப்புவதாகும்.

மற்றொன்று, வீட்டில் மிஞ்சியிருக்கும் கிருமியெதிர்ப்பு மாத்திரைகளை விழுங்குவது. இரண்டு நாளில் காய்ச்சல் தணியும், வீட்டார் மகிழ்வார்கள். ஆனால் படலத்திற்குள் இருக்கும் கிருமிகள் சாவதில்லை. பின்னர் மருத்துவமனையில் மூட்டு நீரை எடுத்துச் சோதித்தாலும் கிருமி வளராமல் போய்விடும். எந்தக் கிருமி என்று தெரியாவிட்டால், எந்த மருந்து கொடுப்பது என்பதும் தெரியாது. இதன் பொருட்டே, உடல்நிலை இடம் கொடுக்குமாயின், சோதனைக்கு முன் இரண்டு வாரங்களுக்கேனும் இம்மருந்துகளை நிறுத்திவைக்குமாறு மருத்துவர்கள் கூறுகின்றனர். ஆயினும் மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை நாமாக நிறுத்திவிடுதல் கூடாது. அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே.

வலிக்கு உடனடி நிவாரணம் என்று விற்கப்படும் பதிவு பெறாத ஜாமு மருந்துகளிலும் நாம் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். அவற்றுள் சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலக்கப்பட்டிருப்பதை நம் நாட்டுச் சுகாதார அதிகாரிகள் பலமுறை கண்டுபிடித்து அறிவித்துள்ளனர். ஸ்டீராய்டு வலியையும் காய்ச்சலையும் மறைக்கும். உடலின் எதிர்ப்பு ஆற்றலையும் குன்றச் செய்யும். இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும்.

மருத்துவமனையில் நடைபெறுவது என்ன?

முதலில் இரத்தச் சோதனையும் எக்ஸ்ரேயும் எடுக்கப்படும். ஐயம் வலுப்பட்டால், மூட்டிலிருந்து ஊசி மூலம் நீரை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவர். அறுவை முடிந்து ஒரு மாதத்திற்குள், அல்லது அறிகுறி தோன்றி மூன்று வாரங்களுக்குள் வந்தவராயின், மூட்டு உறுதியாகவும் இருக்குமாயின், காயத்தைத் திறந்து, கெட்ட தசைகளை அகற்றி, நன்கு கழுவி, மாற்றக்கூடிய பந்தையும் கிண்ணத்தின் உட்பகுதியையும் மட்டும் புதுப்பித்து, எலும்பில் பதிந்த மூட்டை அப்படியே காப்பாற்ற முயல்வர். அதன்பின் நீண்ட நாட்களுக்கு மருந்து உட்கொள்ள வேண்டும்.

எவ்வளவு நாள் என்பதற்குப் பிரான்சு நாட்டில் நடந்த ஓர் ஆய்வு நல்ல விடையளிக்கிறது. செயற்கை மூட்டில் தொற்று ஏற்பட்டு அறுவை செய்துகொண்ட ஏறத்தாழ நானூறு பேரைப் பற்றிய அவ்வாய்வின் முடிவு 2021-இல் வெளிவந்தது. ஆறு வாரம் மட்டும் மருந்து உட்கொண்டோரில் நூற்றுக்கு 18 பேருக்குத் தொற்று நீங்கவில்லை. பன்னிரண்டு வாரம் உட்கொண்டோரில் நூற்றுக்கு 9 பேருக்கே அந்நிலை ஏற்பட்டது. காய்ச்சல் விட்டதும் மாத்திரையை நிறுத்திவிடுவது எத்துணை தவறு என்பதை இக்கணக்கே காட்டுகிறது.

காலம் கடந்து, படலம் முதிர்ந்துவிட்ட பின் வருவோருக்கு இவ்வழி பெரும்பாலும் பயன்படுவதில்லை. பொருத்திய மூட்டு முழுவதையும் அகற்றிவிட்டு, ஒரே அறுவையிலோ, சில வாரங்கள் இடைவெளி விட்டு இரண்டு அறுவைகளிலோ புதிய மூட்டைப் பொருத்த வேண்டியிருக்கும். இடைவெளியின்போது கிருமியெதிர்ப்பு மருந்து கலந்த சிமெண்டு போன்ற பொருளைத் தற்காலிகமாக மூட்டினுள் வைப்பர். அம்மாதங்களில் நோயாளி பிறர் துணையின்றி நடமாடுவது கடினம். மூன்று வாரத்திற்குள் வருவதற்கும் மூன்று மாதம் கழித்து வருவதற்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

அறுவைக்கு முன்னரே செய்ய வேண்டியவை

தொற்றைத் தடுக்கும் பணியில் பாதி, நோயாளியின் கையிலேயே இருக்கிறது. முதலாவதாக, இனிப்புநீரைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். 2019-ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வின்படி நம் நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 18 பேருக்கு இந்நோய் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையேதான் மிக அதிகம். தமக்கு இந்நோய் இருப்பதையே அறியாதவர்களும் பலர். சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் வெள்ளணுக்கள் தம் வேலையைச் சரிவரச் செய்வதில்லை. காயமும் விரைவில் ஆறுவதில்லை.

புகைபிடிப்போர் அறுவைக்குக் குறைந்தது நான்கு வாரங்களுக்கு முன்னரே அதனை விட்டுவிட வேண்டும். சொத்தைப் பல், ஈறு வீக்கம், கால் புண், சிறுநீர் எரிச்சல் ஆகியவற்றுக்கு முன்னதாகவே சிகிச்சை பெற வேண்டும். முட்டை, மீன், பருப்பு போன்ற புரதச்சத்து மிக்க உணவு காயம் ஆறத் துணைபுரியும். அறுவைக்கு முதல் நாளோ அன்று காலையிலோ சோப்பிட்டுக் குளித்தல் நன்று. ஆனால் அறுவை செய்யவிருக்கும் இடத்தில் உள்ள முடியை வீட்டில் கத்தியால் சவரம் செய்தல் கூடாது. கத்தி உண்டாக்கும் நுண்ணிய கீறல்களில் கிருமிகள் குடியேறும் என்பதால், 2016-ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனமும் சவரத்தைத் தவிர்க்குமாறு வலியுறுத்தியது.

தோட்டத்திற்குத் திரும்பிய பின்னர்

காயம் முழுமையாக ஆறும்வரை கட்டு நனையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அதனைத் தொடுவதற்கு முன் கைகளைச் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். பாதங்களை நாள்தோறும் பார்த்து, சிறு புண்ணையும் கழுவி மூடி, இரண்டு மூன்று நாளில் ஆறாவிட்டால் மருந்தகத்தில் காட்ட வேண்டும். பல் மருத்துவர் உட்பட எந்த மருத்துவரிடம் சென்றாலும், தமக்கு மாற்று மூட்டு இருப்பதைச் சொல்ல வேண்டும். பல் பிடுங்கும் ஒவ்வொரு முறையும் கிருமியெதிர்ப்பு மருந்து தேவை என்பதில்லை. மருத்துவர் தேவையை அறிந்து முடிவு செய்வார்.

மலையில் வாழ்வோருக்குத் தொலைவும் ஒரு தடையாகும். தானா ராத்தாவில் சுல்தானா ஹாஜா கல்சோம் அரசாங்க மருத்துவமனை உள்ளது. எலும்பு சிறப்பு மருத்துவர்களைக் காண்பதற்கோ, சிம்பாங் பூலாய் வழியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பயணம் செய்து, ஈப்போவின் ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைக்குச் செல்ல வேண்டியிருக்கும். மழைக் காலத்தில் மண்சரிவினால் பாதை அடைபடுவதும் உண்டு. ஆகவே சோதனை நாள் வரும்வரை காத்திராமல், அறிகுறி கண்ட அன்றே அருகிலுள்ள மருந்தகத்திற்கோ தானா ராத்தா மருத்துவமனைக்கோ செல்வது நல்லது. தேவையாயின் அவர்களே மேலிடத்திற்கு அனுப்பி வைப்பார்கள்.

நாள் சம்பளம் போய்விடுமே என்னும் கவலையால் வலியைப் பொறுத்துக்கொள்வோர் உளர். 1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறும் தொழிலாளிக்கு ஆண்டொன்றுக்கு 60 நாட்கள் வரை சம்பளத்துடன் கூடிய விடுப்பு அளிக்கிறது. 2023-ஆம் ஆண்டு முதல் நடப்பிலுள்ள திருத்தத்தின்படி, இது சாதாரண நோய் விடுப்புடன் சேர்த்துக் கணக்கிடப்படாமல் தனியாகவே கிடைக்கும். செலவைப் பற்றிய கவலை உள்ளோர், மருத்துவமனையில் உள்ள மருத்துவச் சமூகப் பணிப் பிரிவினரை அணுகி விவரம் கேட்கலாம்.

இறுதியாக ஓர் எளிய யோசனை. மூட்டு மாற்றிக்கொண்ட ஒவ்வொருவரும் ஒரு சிறு அட்டையில் நான்கு விவரங்களை எழுதி, அடையாளக் கார்டுடன் வைத்துக்கொள்ளட்டும்: எந்தப் பக்கத்து மூட்டு, அறுவை நடந்த நாள், மருத்துவமனையின் பெயரும் தொலைபேசி எண்ணும், உட்கொண்டுவரும் மருந்துகளும் உடலுக்கு ஒவ்வாத மருந்துகளும். எழுத இயலாத பெரியவர்களுக்குப் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ எழுதிக் கொடுக்கலாம். நள்ளிரவில் காய்ச்சலோடு கொண்டு செல்லப்படும் பாட்டியால் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல முடியாது. அவருக்காக அந்த அட்டை சொல்லும்.